வரக்காப்பிக்கு அஞ்சு பேரு

ஜூன் 2, திங்கள்

இந்த டைரி ஜனவரியில என்ற ஊட்டுக்காரர் வெள்ளிங்கிரி அவரு பட்டறையில இருந்து கொண்டாந்தது. பம்ப்செட் கம்பெனிக்காரன் புதுவருசத்துக்குக் கொடுத்தது. அஞ்சு மாசமா ஆடற பீரோவுக்கு முட்டுக் கொடுத்துட்டுக் கெடந்துச்சு. இன்னிக்கு உருவி எடுத்துட்டேன். பீரோ ஆடுனா ஆடட்டும். இதை யாருகிட்டயாவது கொட்டலைன்னா எனக்குத் தலை வெடிச்சுரும்.

கோர்ட்டுக்குப் பக்கத்துல இருக்கற எங்க காப்பிக்கடையில எஸ்பிரெஸோ மெஷினைத் தொடற கை பதினோரு வருசமா என்ற கை ஒண்ணுதான். இன்னிக்குக் காலைல முதலாளித் தம்பி சிவபிரகாஷ் ஒரு புள்ளையைக் கூட்டிட்டு வந்து, "அக்கா, இது அபிஷா. நாகர்கோவில். மெல்போர்ன்ல மூணு வருசம் காப்பிக்கடையில இருந்திருக்குது. இனி உங்ககூட மெஷின்ல நிக்கும்"னாரு. இருபத்தேழு வயசு இருக்கும். காதுல நாலு கம்மல். நானும் வாம்மான்னு சிரிச்சு வெச்சேன்.

பத்து மணிக்குக் கஸ்தூரி வக்கீலம்மா வந்தாங்க. கோர்ட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி தினமும் வருவாங்க. "மணி, வரக்காப்பி"ம்பாங்க. வசந்தாமணிங்கற பேரை முழுசாச் சொல்ல அவங்களுக்கு நேரம் இருக்காது. பாலில்லாத காப்பிக்கு இந்த ஊருல வரக்காப்பின்னுதான் பேரு. மெனு கார்டுல அதுக்கு அமெரிக்கானோன்னு போட்டிருக்குது. எப்பவும் போல கப்புல சுடுதண்ணியைப் புடிச்சு, மெஷினுக்கு அடியில வெச்சு, மேல எஸ்பிரெஸோவை எறக்கிக் கொடுத்தேன்.

இந்த அபிஷா கடையே கேக்கற மாதிரி சொல்றா: "அக்கா, இது அமெரிக்கானோ இல்லியே."

"பின்ன என்ன, ஆட்டுக்கால் சூப்பா?"

"இது லாங் பிளாக். தண்ணியை முதல்ல ஊத்தி, மேல எஸ்பிரெஸோ விட்டா லாங் பிளாக். எஸ்பிரெஸோவை முதல்ல எடுத்து, அதுக்கு மேல தண்ணி ஊத்துனாத்தான் அமெரிக்கானோ. பதினோரு வருசமா பேரை மாத்தியா கொடுத்திட்டு இருக்கீங்க?"

வக்கீலம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "அப்ப இத்தனை வருசமா அடுத்த கட்சிக்காரனோட காப்பியை எனக்குக் கொடுத்திருக்கறயா மணி?" நாலு மேசையும் சிரிச்சுது. முதலாளித் தம்பியும் சிரிச்சாரு.

நான் ஏன் தண்ணியை முதல்ல புடிக்கறேன்னு ஒருத்தரும் கேக்கலை. மொதமொதல்ல வாங்குன மெஷின்ல சுடுதண்ணிக் குழாய் சீறும். எஸ்பிரெஸோ மேல தண்ணியை விட்டா அது தெறிச்சு என்ற கையை வேக வெச்சுரும். தழும்பு இன்னும் மணிக்கட்டுல இருக்குது. அதனால தண்ணியை முதல்ல மெதுவா, பொட்டாட்டப் புடிச்சு வெச்சுக்குவேன். அந்த மெஷின் போயி வேற வந்துருச்சு, பழக்கம் மட்டும் போகலை. பேரு தெரியாமப் போட்டேனே ஒழிய, காப்பி தெரியாமப் போடலை.

ஜூன் 3, செவ்வாய்

வந்த ரெண்டாம் நாளே சுவத்துல ஒரு கரும்பலகையை மாட்டிட்டா. எல்லாம் பாலில்லாத வரக்காப்பிதான், ஆனா அஞ்சு பேரு. ரிஸ்ட்ரெட்டோவாம், அதே தூளுல பாதித் தண்ணி மட்டும் எறங்குனதும் டக்குனு நிறுத்திரணும். ரெண்டே மடக்கு, கெட்டியா இருக்கும். அதையே அளவா விட்டா எஸ்பிரெஸோ. நிறுத்தாம ஓட விட்டா லுங்கோ, கடைசியில எறங்கற கசப்பெல்லாம் கப்புக்கு வந்து சேரும். லுங்கோன்னு கேட்டதும் பாத்திரம் கழுவற சரோசா, "லுங்கியா அக்கா?"ன்னா. நல்லா சிரிச்சேன். நேத்திக்கு அப்புறம் இப்பத்தான் சிரிக்கறேன். மீதி ரெண்டுதான் அமெரிக்கானோவும் லாங் பிளாக்கும். ஒரே தண்ணி, ஒரே காப்பி, எது முன்ன எது பின்னங்கறதுதான் சண்டை. அமெரிக்கானோவுல மேல நிக்கற செந்நுரை கரைஞ்சு போயிரும். லாங் பிளாக்ல அப்படியே நிக்கும்.

மத்தியானம் முதலாளித் தம்பி ரெண்டு பேரையும் கூப்பிட்டாரு. மெஷினுக்கு ஒரே தலைதான் இருக்கணுமாம். இருபத்தெட்டாந்தேதி சனிக்கிழமை கண்ணைக் கட்டிட்டு அஞ்சு வரக்காப்பியையும் குடிச்சுப் பாத்துப் பேரு சொல்லணும். எனக்கு அவ போடுவா, அவளுக்கு நான் போடணும். ஜெயிக்கறவங்களுக்கு மெஷின். தோத்தவங்க கவுண்டர்ல நின்னு ஆர்டர் எழுதணும்.

கவுண்டர்ல நானா? மண்ணாங்கட்டி!

ஜூன் 5, வியாழன்

காலைல வெள்ளிங்கிரி பல்லு விளக்கிட்டு இருந்தவரு வாயில நுரையோட சமையக்கட்டுக்கு ஓடி வந்தாரு. அடுப்பைத் திருகி நிறுத்தி ஜன்னலைத் திறந்து விட்டாரு. "ஏ மணி, ஊடே கேஸ் நாறுது. நீ பக்கத்துலயே நின்னு வெங்காயம் அரிஞ்சுட்டு இருக்கறே?"

காத்துல அடுப்பு அணைஞ்சிருக்குது. அதுக்கு நான் என்ன பண்ண? கேஸ்காரனுக இப்பல்லாம் வாடை சேக்கறதைக் கம்மி பண்ணிட்டானுகன்னேன். அவரு வாயைக்கூடக் கொப்பளிக்காம என்னையே பாத்துட்டு நின்னாரு. இந்த மனுசனுக்கு எதையும் பெருசாக்கணும்.



ஜூன் 8, ஞாயிறு

பூக்காரிகூடச் சண்டை. மல்லியில வாசமே இல்லைன்னு சொன்னேன். "பஸ்சுல போறவங்க வாசத்துக்கே எறங்கி வந்து வாங்கிட்டுப் போறாங்க, உங்களுக்கு மட்டும் இல்லியாக்கும்?"னு எகத்தாளம் பேசறா. மருந்தடிச்சு வளத்தா வாசம் எங்கிருந்து வரும்? இனி கனகாம்பரம்தான். அதுல வாசம் இருக்குதா இல்லையான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.

மத்தியானக் கொழம்பு அடிப்புடிச்சுப் போச்சு. வெள்ளிங்கிரி இன்னொரு கரண்டி ஊத்திட்டுத் தின்னாரு. அது அதைவிட எரிச்சலா இருந்துச்சு.

ஜூன் 10, செவ்வாய்

ஸ்டோர் ரூம்ல காப்பிக்கொட்டை மூட்டைக்குப் பக்கத்துல உக்காந்து தயிர்சோறு தின்னுட்டு இருந்தேன். கதவைத் திறந்த அபிஷா துப்பட்டாவை எடுத்து மூக்கைப் பொத்திட்டா. "அக்கா, இங்கன இருந்தா சாப்பிடுதீங்க?"

மூட்டையை நகத்துனா எலி. செத்து ரெண்டு நாளாவது இருக்கும்னு சரோசா முறத்துல அள்ளிட்டுப் போனா.

"நான் மெல்போர்ன் பாத்தவ இல்லை அம்மிணி. எதுக்கெடுத்தாலும் மூக்கைப் பொத்தற சீமாட்டித்தனம் எங்கிட்ட இல்லை"ன்னு சொல்லிட்டு மீதிச் சோத்தையும் அங்கேயே உக்காந்து தின்னேன். கஷ்டமாத்தான் இருந்துச்சு, எலின்னு தெரிஞ்சப்புறம். ஆனா அவ முன்னாடி எந்திரிக்க மனசு வரலை. அவ போகாம நின்னு பாத்துட்டே இருந்தா. பார்வையைப் பாரு, எக்ஸ்ரே எடுக்கறவளாட்டம்.

ஜூன் 13, வெள்ளி

ஒரு புதுப் பொட்டலத்தைக் கொண்டாந்து என்ற மூக்குக்கு நேரா நீட்டுனா. "அக்கா, புதுக் கொட்டை. மோந்து பாத்து என்ன வாசம் வருதுன்னு சொல்லுங்க."

"காப்பி வாசம் வருது. பின்ன கருவாட்டு வாசமா வரும்?"

"ஆரஞ்சுத் தோல் வாசம் கொஞ்சம் வரலியா?"

"வருது வருது. நல்லாவே வருது."

சரிக்கான்னு சொல்லிட்டு எடுத்துட்டுப் போயிட்டா. அப்புறம் பாத்தேன், மேசை மேல இருந்த அந்தப் பொட்டலம் சீல்கூடப் பிரிக்காம இருந்துச்சு. பிரிக்கலைன்னாலும் பொட்டலத்துல காத்துப் போக வெச்சிருக்கற சின்ன ஓட்டை வழியா கொஞ்சம் வாசம் வரத்தானே செய்யும். குசும்புக்காரி. இவளை எப்ப இங்கிருந்து தாட்டி விடறமோ அன்னிக்குத்தான் எனக்குப் பொங்கலும் நோம்பியும்.

ஜூன் 14, சனி

அவளும் பேசலை. நானும் பேசலை. நிம்மதி.

ஜூன் 17, செவ்வாய்

ஒரு வாரமா கடை திறக்கறதுக்கு முன்னாடியே போயி, துண்டால கண்ணைக் கட்டிட்டுப் பழகறேன். அஞ்சையும் போட்டு வெச்சுட்டு, சரோசாவை எடம் மாத்தி வெக்கச் சொல்லுவேன். அவ யாருகிட்டயும் சொல்ல மாட்டா.

என்ற நாக்குக்கு ஒரு கொறையும் இல்லை. ரிஸ்ட்ரெட்டோ நாக்குல கனமா உக்காரும், லேசா இனிக்கும். எஸ்பிரெஸோ புளிப்பும் கசப்பும் சமமா வரும். லுங்கோ தண்ணியாட்டம் இருந்துட்டு கடைசியில தொண்டையில கசக்கும். இந்த மூணும் சுளுவு. அமெரிக்கானோவும் லாங் பிளாக்கும்தான் கொல்லுது. நாக்குல ரெண்டும் ஒண்ணாவே இருக்குது. மூணு நாள் மாத்தி மாத்திச் சொன்னேன்.

இன்னிக்குக் கண்டுபுடிச்சுட்டேன். மேலுதடு! லாங் பிளாக்ல நுரை நிக்குமில்ல, வாயை வெச்ச உடனே அது மேலுதட்டுல பஞ்சாட்டம் ஒட்டும். அமெரிக்கானோவுல வெறும் சுடுதண்ணிதான் படும். ஏழு தடவை சோதிச்சேன், ஏழும் சரி. கனமும் கசப்பும் தெரியுது, உதடும் இருக்குது. காப்பி குடிக்க வேற என்னத்துக்கு ஆகணும்?

வெள்ளிங்கிரி பொழுதோட வந்து, "மூக்கு டாக்டருகிட்ட ஒருக்கா காட்டலாமா மணி? ஏப்ரல்ல வந்த அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் நீ..."ன்னு ஆரம்பிச்சாரு. எனக்கு ஒரு நோவும் இல்லை, உங்க காதைக் கொண்டு போயிக் காட்டுங்க, நான் சொல்றது எதுவும் உள்ள போறதில்லைன்னேன். எந்திரிச்சுப் போயிட்டாரு.

ஜூன் 19, வியாழன்

காலைல மெஷினைக் கழுவறது செவ்வா, வியாழன், சனி அவ முறை. போர்டுல எழுதியே போட்டிருக்குது. ஆனா அவ கழுவற லட்சணத்தை நான் நம்பறதில்லை. ஆறரைக்கே போயி, ஓட்டையில்லாத அடைப்புச் சல்லடையில மெஷின் கழுவற பவுடரைப் போட்டுச் சொருகி ஓட்டுனேன். அந்நேரம் பாத்து வெள்ளிங்கிரி போன். பட்டறைச் சாவி எங்கேன்னு. ஆணியிலதான் தொங்குது, கண்ணு இருந்தாத் தெரியும்னு கத்திட்டு வந்து, மெஷினைப் பளபளன்னு தொடச்சு வெச்சேன். மொதக் காப்பியை நானே குடிச்சுப் பாத்தேன். சரியாத்தான் இருந்துச்சு, நாக்கு மட்டும் சூட்டுல சுருக்குனுச்சு. அவ எட்டு மணிக்கு ஆடி அசைஞ்சு வந்தா.

இன்னிக்குன்னு பாத்து வக்கீலம்மா எட்டே காலுக்கே வந்துட்டாங்க, ஏதோ பெரிய கேஸாம். வரக்காப்பி போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடிச்சதும் மேசை மேலயே துப்பிட்டாங்க. வெள்ளைக் கழுத்துப்பட்டையெல்லாம் கறை. "மணி! என்னடி இது, சோப்புத் தண்ணியா? வாயெல்லாம் எரியுது!"

முதலாளித் தம்பி கப்பை வாங்கி ஒரு சொட்டு நாக்குல வெச்சுட்டுத் தொட்டிக்கு ஓடுனாரு. அபிஷா கிட்ட வரவே இல்லை. ரெண்டு கை தூரத்துல நின்னுட்டே, "பவுடர் வாசம். பவுடர் போட்டுட்டு அப்புறம் தண்ணி ஓட்டல"ன்னா. சொல்லிட்டு என்னைப் பாத்தா.

"இன்னிக்கு யாரு கழுவுனது?"ன்னு தம்பி கேட்டாரு.

"போர்டைப் பாருங்க தம்பி"ன்னேன்.

போர்டுல அவ பேருதான் இருந்துச்சு. நான் பொய் சொல்லலை. போர்டுல இருந்ததைத்தான் சொன்னேன்.

"சார், நான் வந்ததே எட்டு மணிக்கு. நான் கழுவல"ன்னா அவ.

"முறை உன்னுதுதானேம்மா? கழுவாம விட்டிருந்தாலும் தப்பு, அரைகுறையாக் கழுவியிருந்தாலும் தப்பு. அந்தம்மா கேஸ் போட்டாங்கன்னா கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்." தம்பி இவ்வளவு கோவமா பேசி நான் பாத்ததில்லை. "அடுத்த வாரம் சனிக்கிழமை டெஸ்ட் முடியட்டும். மணியக்கா ஜெயிச்சா நீ கவுண்டர்லகூட வேண்டாம். ஊருக்குக் கெளம்பிரு."

அவளுக்குக் காது செவந்து போச்சு, அழுகலை.

ஜூன் 20, வெள்ளி

வக்கீலம்மா வரலை. பத்து மணிக்கு நாலு தடவை வாசலை எட்டிப் பாத்தேன். தெருவுல வண்டி ஜாஸ்தியான்னு பாக்கத்தான்.

ஜூன் 23, திங்கள்

நாலாம் நாளா வக்கீலம்மா இல்லை. அவங்க உக்கார்ற மேசையை வேற யாரோ புடிச்சுட்டாங்க.

ஸ்டோர் ரூம்ல தனியா இருக்கறப்ப அபிஷா வந்து கதவைச் சாத்துனா. "அன்னிக்கு யாரு கழுவுனதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"கேமரா இருக்குதா அம்மிணி?"

"இல்ல."

"அப்பப் பொட்டாட்டப் போயி வேலையைப் பாரு."

போகலை. "மெல்போர்ன்ல ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் நின்னு படிச்ச வேலை இது. ஒரு பவுடருக்காக என்னைய விரட்டுவீங்களா? நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?"

என்ன செஞ்சாளாம்! பதினோரு வருசம் நான் பேரைத் தப்பாச் சொல்லிட்டு இருந்தேன்னு ஊரைக் கூட்டிச் சிரிக்க வெச்சது யாரு? அதைச் சொன்னேன். அவ என்னமோ புரியாத மாதிரி பாத்துட்டு, "சரி. சனிக்கிழமை பாக்கலாம்"னு போயிட்டா.

பாக்கலாம். எனக்கென்ன பயமா?

ஜூன் 25, புதன்

பழகிப் பழகி மேலுதடு வெந்து பொக்களம் வந்துருச்சு. வெண்ணெய் தடவியிருக்கறேன். தொட்டாலே உசுரு போகுது. இந்தக் கெரகம் புடிச்ச உதடு சனிக்கிழமைக்குள்ள ஆறணும்.

ஜூன் 27, வெள்ளி

ஆறிருச்சு. பஞ்சால தொட்டுப் பாத்தேன், தெரியுது.

ஜூன் 28, சனி

எழுதித்தான் ஆகணும்.

மூணு மணிக்குக் கடையில கூட்டம் இல்லாத நேரமாப் பாத்து வெச்சாரு தம்பி. கஸ்தூரி வக்கீலம்மாவும் வந்திருந்தாங்க, தம்பி போயிக் கையைக் காலைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கறாரு. "சாட்சி இல்லாம எதுவும் செல்லாது"ன்னு நாக்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. உதட்டோரம் இன்னும் தோல் உரிஞ்சிருந்துச்சு. நான் அந்தப் பக்கம் பாக்கலை. அஞ்சு கப்பு, அடியில பேரெழுதுன சீட்டு ஒட்டியிருக்கும். சொல்லி முடிச்சதும் திருப்பிப் பாக்கணும்.

மொதல்ல அவ. நான் போட்டுக் கொடுத்தேன். கண்ணைக் கட்டிட்டு வந்து உக்காந்தா. குடிக்கவே இல்லைங்க! கப்பை மூக்குகிட்ட கொண்டு போறா, பேரைச் சொல்றா, கீழ வெக்கறா. அமெரிக்கானோவுக்கு மட்டும் ரெண்டு தடவை மோந்தா. அஞ்சும் சரி. எனக்கு வயிறு பத்திட்டு எரிஞ்சுச்சு. ஒரு கப்பைத் தூக்கி மோந்து பேரு சொல்றது நானும் செஞ்சதுதான். போன பங்குனி வரைக்கும் செஞ்சேன்.

அப்புறம் நான். அவ திரைக்கு அந்தப் பக்கம் நின்னு போட்டா. மெஷின் ஓடற சத்தத்தை எண்ணிட்டே இருந்தேன், அஞ்சு தடவை.

மொதக் கப்பு கனமா உக்காந்துச்சு. ரிஸ்ட்ரெட்டோ. சீட்டைத் திருப்பி, "சரி"ன்னாரு தம்பி. ரெண்டாவது எஸ்பிரெஸோ, சரி. மூணாவது தொண்டையில கசந்துச்சு, லுங்கோ, சரி. சரோசா கை தட்டுனா. நாலாவதுல வாயை வெச்சேன், சுடுதண்ணி மட்டும்தான் உதட்டுல பட்டுச்சு. அமெரிக்கானோன்னேன். சரி.

அஞ்சாவது. வெச்ச உடனே நுரை ஒட்டுச்சு. எனக்குச் சிரிப்பே வந்துருச்சு. ஜெயிச்சாச்சு. நல்லா ரெண்டு மடக்கு குடிச்சு, கப்பை டொப்புனு வெச்சு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னேன்: "லாங் பிளாக். பதினோரு வருசமா என்ற கையில பொறந்த காப்பி. இதுகூடவா எனக்குத் தெரியாது?"

ஒருத்தரும் சரின்னு சொல்லலை. சரோசா கை தட்டலை. நாக்காலி நகர்ற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் வக்கீலம்மா குரல் எனக்குக் கிட்டத்துல, ரொம்ப மெதுவா: "அய்யோ, மணி."

துண்டை நானே அவுத்தேன். தம்பி கையில சீட்டு. அதுல 'சிக்கரி'ன்னு எழுதியிருந்துச்சு. ஒரு பொட்டுக் காப்பித்தூள் இல்லாம வெறும் சிக்கரியை மெஷின்ல விட்டு எடுத்து, சுடுதண்ணி மேல எறக்கியிருக்கறா. நுரை கூட நிக்குது. சிக்கரி மெஷினுக்குள்ள போனாலே கடை முழுக்க அந்த வாடை அடிக்கும். நாலாவது மேசையில லட்டு தின்னுட்டு இருந்த ஆளுகூடத் திரும்பிப் பாத்துட்டு இருந்தாரு. எனக்கு மட்டும் ஒண்ணும் வரலை.

அபிஷா சிரிக்கலை. சிரிச்சிருந்தாலாவது நாலு வார்த்தை நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி கேட்டிருப்பேன்.

"அக்கா, தெரிஞ்சுதானே அப்படிச் சொன்னீங்க? சும்மாங்காட்டி வெளையாட்டுக்குத்தானே?" தம்பி கேட்டாரு. நல்ல மனுசன். எனக்குக் கதவைத் திறந்து விட்டாரு. ஆமா தம்பி, இவ குசும்பு எதுவரைக்கும் போகும்னு பாத்தேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வாய் வரைக்கும் வந்துச்சு. அபிஷாவோட பையி ஏற்கனவே கட்டி கவுண்டருக்கு அடியில இருந்துச்சு, ஊருக்குப் போறதுக்கு. அந்தப் பையைப் பாத்தேன். வக்கீலம்மாவோட உதட்டைப் பாத்தேன்.

"தம்பி, எனக்கு வாசம் தெரியறதில்லை. ஏப்ரல் காய்ச்சல்ல போனது, திரும்பி வரலை. கேஸ் வாடை தெரியலை, எலி நாத்தம் தெரியலை. அன்னிக்குக் காலைல மெஷினைக் கழுவுனது நான்தான். தண்ணி ஓட்ட மறந்துட்டேன். மறந்ததுகூடக் குடிக்கறப்பத் தெரியலை. இந்தப் புள்ளை மேல ஒரு தப்பும் இல்லை. நான்தான் போர்டைக் காட்டுனேன்."

சொல்லிட்டேன். இத்தனை நாள் இந்த டைரிகிட்டயே சொல்லாததை நாலு மேசைக்கும் கேக்கச் சொல்லிட்டேன்.

"மன்னிச்சுக்கங்க"ன்னு வக்கீலம்மா காலைத் தொடப் போனேன், விடலை. "எந்திரி, கோர்ட்டு கலைஞ்சு போச்சு"ன்னு மட்டும் சொன்னாங்க. நான் யாரையும் பாக்காம ஊட்டுக்கு வந்துட்டேன்.

வெள்ளிங்கிரிகிட்ட எல்லாத்தையும் சொல்லி, ஓன்னு அழுதேன். அவரு எந்திரிச்சுப் போயி சிலிண்டரைச் சரியா மூடியிருக்குதான்னு பாத்துட்டு வந்தாரு. "அஞ்சாந்தேதியில இருந்து தினம் நான்தான் பாத்து மூடறேன்"னாரு.

"தெரிஞ்சுமா வாயை மூடிட்டு இருந்தீங்க?"

"சொல்ல வந்தா காதைக் காட்டச் சொன்னயே புள்ளை."

ஜூன் 30, திங்கள்

வியாழக்கிழமை மூக்கு டாக்டரைப் பாக்கறம். வருமா வராதான்னு தெரியலை. வெசனமாத்தான் இருக்குது.

சாவியைக் கொடுத்துட்டு வந்துரலாம்னுதான் கடைக்குப் போனேன். தம்பி வாங்கலை. "கவுண்டர்ல நில்லுங்கக்கா. மத்ததை அப்புறம் பேசலாம்"னாரு. மெஷின்கிட்ட அபிஷா. என்னைப் பாத்தா, தலையைக்கூட ஆட்டலை. நானும் ஆட்டலை. பதினோரு வருசத்துல மொதத் தடவையா ஆர்டர் சீட்டு எழுதுனேன். கை சும்மா இருக்கறது எவ்வளவு கஷ்டம்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு.

பத்து மணிக்குக் கஸ்தூரி வக்கீலம்மா வந்தாங்க. பழைய மேசை. "வரக்காப்பி." நான் எழுதிக் கொடுத்தேன். அபிஷா எஸ்பிரெஸோவை எடுத்து மேல தண்ணியை ஊத்தி, கார்டுல இருக்கற மாதிரி சுத்தமான அமெரிக்கானோவாக் கொண்டு போயி வெச்சா. வக்கீலம்மா ஒரு வாய் குடிச்சுட்டுக் கப்பைத் தள்ளி வெச்சாங்க. "நல்லாத்தான் இருக்குது. என்ற காப்பி எங்கே?"

அபிஷா கவுண்டருக்கு வந்தா. "வாங்க. வந்து நீங்களே போடுங்க."

"மூக்கில்லாதவ கையில காப்பி குடிச்சு அவங்க வாய் வெந்தது போதாதா?"

"கைக்கு என்ன கேடு? மோந்து பாக்க நான் இருக்கேன்லா."

"ஏனுங் அம்மிணி, அன்னிக்குத் தப்புத் தப்புன்னு ஊரைக் கூட்டுனயே?"

"பேரு தப்புன்னுதான் சொன்னேன். காப்பி தப்புன்னு எப்பக்கா சொன்னேன்?" அவளுக்கு நெசமாவே கோவம். "நல்ல லாங் பிளாக் இந்த ஊருல வேற எங்கயும் நான் குடிக்கல. அதைச் சொல்லுதுக்குள்ள ஆட்டுக்கால் சூப்புன்னுட்டீங்க."

அந்த ஒரு வரியை அன்னிக்கே முதல்ல சொல்லித் தொலைச்சிருந்தா என்னவாம்? ஒரு மாசம் போச்சு, ஒரு அம்மாவோட வாய் வெந்துச்சு. தப்பு என்னுதுதான். ஆனா இவளுக்கும் சொல்லத் தெரியலை.

நிமிர்ந்து கரும்பலகையைப் பாத்தேன். லாங் பிளாக்கை அழிச்சுட்டு அந்த எடத்துல 'கட்டங்காப்பி'ன்னு எழுதி வெச்சிருந்தா. அது அவங்க நாகர்கோவில் பேரு. "இது கோயமுத்தூரு. இங்க அது வரக்காப்பி. பேரு தப்பு அம்மிணி"ன்னேன். சாக்பீஸை எடுத்து என்ற கையில கொடுத்துட்டு நகர்ந்துட்டா. அழிச்சு எழுதுனேன்.

தண்ணியை முதல்ல புடிச்சேன். மேல ரெண்டு அளவு எறக்குனேன். நுரை செவேல்னு நின்னுச்சு. கப்பை எடுத்து, வேற வழியில்லாம, அவ மூக்குக்கு நேரா நீட்டுனேன். ஒரு மாசத்துக்கு முன்னாடி யாராவது இதைச் செய்யச் சொல்லியிருந்தா செருப்பால அடிச்சிருப்பேன்.

மோந்தா. கண்ணை மூடிட்டு ரெண்டாவது தடவையும் மோந்தா.

"எப்படி இருக்குது?"

"கருப்பட்டி லேசாக் கருகுன மாதிரி."

கருகிப் போச்சுங்கறாளா, நல்லா இருக்குதுங்கறாளா? மொகரையைப் பாத்தா ஒண்ணும் தெரியலை. "நல்லா இருக்குதா, இல்லையா? அதைச் சொல்லு"ன்னு அதட்டுனேன்.

"நல்லா இருக்கு. கொண்டு கொடுங்க."

நெசமாச் சொல்றாளா, பழி வாங்கறாளான்னு கண்டுபுடிக்க என்கிட்ட ஒண்ணும் இல்லை. கப்பை ரெண்டு கையிலயும் புடிச்சுட்டு வக்கீலம்மா மேசைக்குப் போனேன். அவங்க குடிச்சு முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே நின்னேன்.